ஒரு டோக்கன், ரெண்டு லாரி, கொஞ்சம் ஜல்லி

பதிவர்கள் பாஷையில "ஜல்லி அடிக்கிறது"ன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். விஷயமே இல்லாம பத்தி பத்தியா எழுதித் தள்றது. நானும் இங்க அதைத் தாராளமா செஞ்சிருக்கேன். ஆனா இன்னிக்கு நெஜ ஜல்லி. முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி, டிப்பர்ல ஏத்தி, எடைமேடையில நிறுத்தி, சீட்டுப் போட்டு அனுப்புற ஜல்லி.

குன்றாண்டார்கோயில், சித்தன்னவாசல், நார்த்தாமலைன்னு பாறையைக் குடைஞ்சு கோயில் கட்டின ஊர் எங்க புதுக்கோட்டைச் சீமை. இன்னிக்கு மாவட்டத்துல எந்தப் பக்கம் போனாலும் ஒரு குவாரி, அதை ஒட்டி ஒரு கிரஷர், வாசல்ல ஒரு எடைமேடை. அந்த எடைமேடைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஒரு பையன். இந்தப் பதிவு அந்தப் பையன் மேல விழுந்த ஒரு பழியைப் பத்தினது. அந்தப் பழிக்குக் காரணம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட ஹேண்டில்னு ஒரு சமாச்சாரம்.

பொட்டி தட்டாதவங்க பயந்து ஓடிடாதீங்க. சைக்கிள் ஸ்டாண்ட்ல டோக்கன் வாங்கத் தெரிஞ்சா போதும், மிச்சம் புரிஞ்சிரும். பொட்டி தட்டுறவங்க கடைசி வரைக்கும் படிங்க. நீங்க எழுதின கோடுக்குள்ளயும் இது ஒளிஞ்சிட்டு இருக்கலாம்.

டோக்கன் கதை

நம்ம புரோகிராம் ஒரு ஃபைலையோ, ஒரு போர்ட்டையோ திறக்கணும்னா நேரா போய்த் தொட முடியாது. விண்டோஸ்கிட்ட கேக்கணும். அது உள்ள திறந்து வச்சுக்கிட்டு, நம்ம கையில ஒரு எண்ணைக் கொடுக்கும். 612ன்னு வச்சுக்குவோம். (விண்டோஸ் கொடுக்கிற எண் எப்பவும் நாலால வகுபடும், பாத்திருக்கீங்களா?) இனிமே படிக்கணும், எழுதணும், மூடணும், எதுன்னாலும் "612-ஐப் படி", "612-ஐ மூடு"ன்னுதான் சொல்லணும். இந்த எண்ணுக்குத்தான் ஹேண்டில்னு பேரு.

அப்படியே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்ட். வண்டியை உள்ள விட்டா 40-ம் நம்பர் டோக்கன். டோக்கனைக் காட்டினா வண்டி. நீங்க வண்டியை எடுத்துட்டுப் போனதும் ஸ்டாண்ட்காரர் அந்த 40-ஐத் தூக்கிப் போட்டுட மாட்டார். அடுத்து வர்ற ஆளுக்கு அதே 40-ஐக் கொடுப்பார். விண்டோஸும் அப்படித்தான். மூடின ஹேண்டிலோட எண்ணை அடுத்துத் திறக்கிற ஃபைலுக்கே கொடுத்திரலாம். லினக்ஸ் இன்னும் வெளிப்படை. இருக்கிறதுலயே சின்னதா எந்த எண் காலியா இருக்கோ அதைத்தான் கொடுக்கணும்னு போசிக்ஸ் விதியே இருக்கு.

இப்ப ஒரு வில்லங்கம். நீங்களும் உங்க மாப்ளையும் ஒரே வண்டியில வந்தீங்க. டோக்கன் உங்ககிட்ட. மாப்ள நம்பரை மனசுல வச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டார். நீங்க வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிட்டீங்க. ஸ்டாண்ட்காரர் 40-ஐ வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டார். டீ குடிச்சிட்டு வந்த மாப்ள "நாப்பது"ன்னு சொல்றார். ஸ்டாண்ட்காரர் முகம் பாக்காத ஆள், நம்பர்தான் பாப்பார். யாரோ ஒருத்தரோட டிவிஎஸ் ஐம்பதை எடுத்து மாப்ள கையில கொடுக்கிறார்.

இதுல யார் திருடன்? யாருமே இல்ல. நீங்க சரியாத்தான் எடுத்தீங்க. ஸ்டாண்ட்காரர் விதிப்படிதான் கொடுத்தார். மாப்ளைக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா டிவிஎஸ்காரர் ராத்திரி வந்து நிப்பார் பாருங்க, அவருக்கு யார் பதில் சொல்றது?

23,120 கிலோ ரெண்டு தடவை

2019-ல நடந்தது. மாவட்டத்துல ஒரு கிரஷர். பேர் வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் அங்க எடைமேடை ஆப்பரேட்டர். ரெண்டு மேடை, ஒரே கம்ப்யூட்டர். ஒவ்வொரு மேடையிலயும் எடை காட்டுற இண்டிகேட்டர்ல இருந்து ஒரு சீரியல் வயர் கம்ப்யூட்டருக்கு வரும். முதல் மேடை மூணாம் போர்ட், ரெண்டாம் மேடை நாலாம் போர்ட். லாரி ஏறி நின்னதும் அவன் "எடை எடு" பட்டனை அமுக்குவான். புரோகிராம் வயர்ல வர்ற எடையை வாங்கிச் சீட்டுல அடிக்கும். கையால எண்ணை அடிக்கிற வழியே கிடையாது.

மாசக் கடைசியில கணக்குப் பாக்கிறப்ப ஒரு லோடு இடிச்சுது. நம்ம சீட்டுல மொத்த எடை 23,120 கிலோ. வாங்கின பார்ட்டியோட மேடையில அதே லாரி 26,480 கிலோ. மூணே கால் டன்னுக்கு மேல வித்தியாசம். சீட்டுகளைப் புரட்டினா, அதே நிமிஷத்துல ரெண்டாம் மேடையில ஏறின வேற லாரிக்கும் 23,120. கிலோ சுத்தமா அதே எண்.

முதலாளி பாத்ததும் முடிவு பண்ணிட்டார். பையன் டிரைவர்கிட்ட காசு வாங்கிக்கிட்டு, ஒரு லாரியோட எடையை இன்னொண்ணுக்குப் போட்டுட்டான். வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்? வித்தியாசத்துக்கு உண்டான காசு சம்பளத்துல பிடிச்சாச்சு. அடுத்த மாசமும் அதே மாதிரி இன்னொரு சீட்டு. அவ்வளவுதான், "கணக்கை முடிச்சிட்டுக் கிளம்பு"ன்னுட்டார்.

தம்பி எனக்குப் போன் பண்ணினப்ப அழல. அதுதான் என்னமோ பண்ணிச்சு. "அண்ணே, மேடை சொன்னதைத்தாண்ணே அடிச்சேன். நான் சொன்னா யாருண்ணே நம்புறா? மெசின் பொய் சொல்லுமாடான்னு கேக்குறாருண்ணே. ஊருக்குள்ள எங்கப்பா தலை நிமிந்து நடக்கணும்ல?"

மெசின் பொய் சொல்லாதுதான். ஆனா கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அந்த நிமிஷத்துல நாம கேட்டது வேற மேடையைப் பத்தின கேள்வியா இருந்துச்சுன்னா?

எடையளவுச் சட்டப்படி மேடையைச் சோதிச்சு முத்திரை வைப்பாங்க. அந்த மேடை சரியாத்தான் இருந்துச்சு. இண்டிகேட்டரும் சரி. தப்பு, அதுக்கு அப்புறம் இருக்கிற வயரைத் தாண்டி கம்ப்யூட்டருக்குள்ள.

அந்த சாஃப்ட்வேரை எழுதினவர் நல்ல மனுசன். நான் கேட்டதும் லாக் ஃபைலை வாங்கிப் பாத்தார், கோடையும் திறந்து காட்டினார். லாக்ல ஒவ்வொரு தடவை போர்ட்டைத் திறக்கிறப்பவும் மூடுறப்பவும் ஹேண்டில் எண்ணையும் எழுத வச்சிருந்தார், புண்ணியவான். அந்தத் தப்பான சீட்டு விழுந்த நேரத்துல ரெண்டே ரெண்டு வரி:

போர்ட் 3 மூடப்பட்டது, ஹேண்டில் 612.
போர்ட் 4 திறக்கப்பட்டது, ஹேண்டில் 612.

ரெண்டுக்கும் நடுவுல சில மில்லி செகண்ட்தான் வித்தியாசம். எனக்கு சைக்கிள் ஸ்டாண்ட் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

நடந்தது இதுதான். கிரஷர் மோட்டார் ஓடுறப்ப கரண்ட் ஒரு நொடி துள்ளும். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல இருக்கு, இண்டிகேட்டர் இல்ல. ரெண்டு இண்டிகேட்டரும் அணைஞ்சு எரியும். எடை வராம போனா போர்ட்டை மூடித் திரும்பத் திறக்கிறதுக்கு ஒவ்வொரு மேடைக்கும் ஒரு காவக்கார த்ரெட் வச்சிருந்தார். (த்ரெட்ன்னா ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல வேலை பாக்கிற தனித்தனி ஆளுங்கன்னு வச்சுக்கோங்க.) தம்பி முதல் மேடைக்குப் பட்டனை அமுக்குறான். எடை படிக்கிற த்ரெட் "மூணாம் போர்ட்டோட நம்பர் என்ன? 612"ன்னு பாத்து எடுத்துக்கிச்சு. அதை விண்டோஸ்கிட்ட கொண்டு போய்க் கொடுக்கிறதுக்கு முன்னாடி ப்ராசசர் வேற வேலைக்குப் போயிருச்சு. அந்த இடைவெளியில மூணாம் போர்ட் காவக்காரர் 612-ஐ மூடினார். நாலாம் போர்ட் காவக்காரர் தன்னோடதைத் திறந்தார். கிடைச்ச எண் 612. இப்பத் திரும்பி வந்த படிக்கிற த்ரெட் "612-ஐப் படி"ங்குது. விண்டோஸ் ரெண்டாம் மேடையோட எடையை எடுத்துக் கொடுத்துச்சு. எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. 23,120.

அந்த எண் யாருக்கும் கிடைக்காம காலியா இருந்திருந்தா "செல்லாத ஹேண்டில்"னு எர்ரர் 6 வந்திருக்கும், பொழைச்சிருக்கலாம். எண் செல்லுபடியா இருந்ததுதான் வினை.

ஏன் இதுவரைக்கும் யார் கண்ணுலயும் படல?

டாட்நெட் மாதிரி ஒரு சூழல்ல எழுதறப்ப நமக்கு ஒரு சொகுசு இருக்கு. பொருளை உண்டாக்கினா போதும், பயன்படாத பொருளைக் குப்பை பொறுக்கி வந்து அள்ளிட்டுப் போயிரும். ஆனா அந்தக் குப்பை பொறுக்கிக்கு மெமரி மட்டும்தான் தெரியும். 612ங்கிறது அதைப் பொறுத்தவரைக்கும் வெறும் எண். அந்த எண்ணுக்குப் பின்னாடி ஒரு போர்ட் இருக்கு, அதை இன்னொரு த்ரெட் பாத்துக்கிட்டு இருக்குன்னெல்லாம் அதுக்குத் தெரியாது.

2005-க்கு முன்னாடி எழுதின டாட்நெட் கோடுல ஹேண்டிலை இன்ட்பிட்டிஆர்னு ஒரு வகையில சும்மா எண்ணாத்தான் வச்சிருப்பாங்க. அதுல இன்னொரு பயங்கரமும் உண்டு. ஒரு பொருளோட மெத்தட் உள்ளுக்குள்ள விண்டோஸைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்பவே, அந்தப் பொருளை இனி யாரும் தொட மாட்டாங்கன்னு கணக்குப் போட்டு, குப்பை பொறுக்கி அதை அள்ளிரலாம். அப்படி அள்ளுறப்ப அதோட ஃபைனலைசர் ஹேண்டிலை மூடிரும். படிச்சுக்கிட்டு இருக்கிறவன் கையில இருந்து புத்தகத்தைப் பிடுங்கின கதை. மைக்ரோசாஃப்ட்ல டாட்நெட் இன்ஜினை எழுதின குழுவுல இருந்த கிறிஸ் ப்ரம் 2003-லயே இதைப் பத்தியும், எண் மறுசுழற்சியைப் பத்தியும் தன்னோட வலைப்பதிவுல விலாவாரியா எழுதினார். நம்ம மாதிரி ஒரு பதிவர்தான் :-) அப்ப இருந்த பயம் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. நம்பிக்கை குறைஞ்ச கோடு வேணும்னே இந்தப் பந்தயத்தை உண்டாக்கி, தனக்கு உரிமையில்லாத ஃபைலைத் தொட்டிரலாம்.

சரி, பூட்டுப் போட்டா தீராதா? படிக்கிறப்ப ஒரு லாக், மூடுறப்ப அதே லாக். நிறைய பேர் முதல்ல சொல்றது இதுதான். ஆனா படிக்கிற வேலை எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாது. வயர் செத்துப் போச்சுன்னா படிக்கிற த்ரெட் பூட்டை வச்சுக்கிட்டே காத்துக்கிடக்கும். அதைச் சரி பண்ண வர்ற காவக்காரரும் பூட்டுக்கு வெளிய காத்துக்கிடப்பார். ஒரே ஹேண்டில்ல ஒரே நேரத்துல எழுதவும் படிக்கவும் வேணும்னாலும் பூட்டு கெடுத்திரும்.

கடைசி ஆள் கதவைச் சாத்தணும்

வேற வழி ரொம்பப் பழசு. எண்ணிக்கை. 1960-ல ஜார்ஜ் காலின்ஸ்ங்கிறவர் மெமரிக்காக எழுதின உத்தி. ஒரு பொருளை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கன்னு அந்தப் பொருள்கிட்டயே எண்ணிக்கை வச்சுக்கோ. புதுசா பிடிச்சா ஒண்ணு கூட்டு, விட்டா ஒண்ணு கழி, பூஜ்யம் ஆனா அழிச்சிரு. விண்டோஸ்ல காம் நிரலாக்கம் பண்ணினவங்களுக்கு ஆட்ரெஃப், ரிலீஸ்னு சொன்னா கண்ணுல தண்ணி வரும்.

எங்க பக்கம் கோனாபட்டு, ராயவரம், கடியாபட்டி போனீங்கன்னா பெரிய பெரிய நகரத்தார் வீடுங்க இருக்கும். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிங்க. வருஷத்துல முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும், விசேஷம்னா எல்லா ஊர்ல இருந்தும் வந்து இறங்குவாங்க. விசேஷம் முடிஞ்சா வீட்டை எப்பப் பூட்டுறது? விசேஷம் நடத்தினவர் கிளம்பினதும் பூட்டினா, உள்கட்டுல தூங்குற பெரியம்மாவை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி. கடைசி ஆள் எப்பக் கிளம்புறாரோ அப்பத்தான் பூட்டணும். நடத்தினவர் "என் வேலை முடிஞ்சுது, பூட்டிரலாம்"னு சொல்லலாம். ஆனா அது நிறைவேறுறது கடைசி ஆள் படி இறங்கினப்புறம்.

ஹேண்டிலுக்கும் இதேதான். "மூடு"ன்னு சொல்றது ஒரு விருப்பம். நெஜமா மூடுறது எண்ணிக்கை பூஜ்யம் ஆகிறப்ப.

கேக்கச் சுலபமா இருக்கு. த்ரெட் பல இருக்கிறப்ப இந்த எண்ணிக்கையே ஏமாத்தும். கூட்டுறதுங்கிறது ப்ராசசருக்கு மூணு வேலை: எண்ணைப் படி, ஒண்ணு கூட்டு, திரும்ப எழுது. சொந்தக்காரர் பிடிச்சிருக்கார், எண்ணிக்கை 1. ரெண்டு த்ரெட் ஒரே சமயத்துல வந்து ரெண்டும் 1-ன்னு படிச்சு, ரெண்டும் 2-ன்னு எழுதிருச்சு. நெஜத்துல மூணு பேர், கணக்குல ரெண்டு பேர். அந்த ரெண்டு த்ரெட்டும் வேலை முடிஞ்சு விட்டதும் எண்ணிக்கை பூஜ்யம். சொந்தக்காரர் உள்ள இருக்கிறப்பவே கதவு சாத்தியாச்சு. கழிக்கிறப்ப இதே குழப்பம் வந்தா எண்ணிக்கை பூஜ்யமே ஆகாது. போர்ட் மூடாது. மூடாத சீரியல் போர்ட்டைத் திரும்பத் திறக்கவும் முடியாது, ஒருத்தருக்கு மேல அதைத் திறக்க விண்டோஸ் விடாது.

அதனால ப்ராசசர்கிட்டயே உதவி கேக்கணும். 1989-ல வந்த இன்டெல் 486 சிப்புல இருந்து அதுக்குன்னு ஒரு கட்டளை இருக்கு. ஒப்பிட்டு மாத்து. "நான் பாத்தப்ப 4 இருந்துச்சு. இன்னமும் 4-தான் இருக்குன்னா 8 ஆக்கு. நடுவுல எவனாவது மாத்தியிருந்தா ஒண்ணும் பண்ணாதே, எனக்குச் சொல்லு, நான் மறுபடி பாத்துட்டு வர்றேன்." பாக்கிறதும் மாத்துறதும் பிரிக்க முடியாத ஒரே செயல். டாட்நெட்ல இன்டர்லாக்ட்னு ஒரு வகுப்பு வழியா இது கிடைக்கும்.

சேஃப்ஹேண்டில்

2005 நவம்பர்ல டாட்நெட் 2.0 வந்தப்ப இதையெல்லாம் சேத்து சேஃப்ஹேண்டில்னு ஒரு வகுப்பு கொடுத்தாங்க. உள்ள போய்ப் பாத்தா ஒரு அழகு இருக்கு. (இப்ப டாட்நெட் ஓப்பன் சோர்ஸ், யார் வேணாலும் பாக்கலாம்.) அதுக்குள்ள நிலைமையைச் சொல்றதுக்கு ஒரே ஒரு முழு எண். அதோட கடைசி பிட்டு "மூடியாச்சு". அதுக்கு அடுத்த பிட்டு "மூடச் சொல்லியாச்சு". மிச்ச பிட்டு எல்லாம் எண்ணிக்கை. அதனால ஒரு ஆள் சேந்தா எண் 4 கூடும்.

நம்ம எடைமேடையை இதுல ஓட்டிப் பாப்போம்.

1. போர்ட் திறந்தாச்சு, சொந்தக்காரர் மட்டும். எண் 4.
2. படிக்கிற த்ரெட் உள்ள வருது. எண் 8.
3. காவக்காரர் மூடச் சொல்றார். அவர் பங்கு 4 கழியுது, "மூடச் சொல்லியாச்சு" பிட்டுக்கு 2 கூடுது. எண் 6. போர்ட் இன்னும் மூடல. 612 இன்னும் நம்ம கையிலதான். விண்டோஸ் அதை வேற யாருக்கும் கொடுக்க முடியாது.
4. படிக்கிற த்ரெட் முடிச்சிட்டு வெளிய போகுது. 4 கழிஞ்சு 2, எண்ணிக்கை பூஜ்யம் ஆனதால "மூடியாச்சு" பிட்டும் சேந்து 3. இப்பத்தான் நெஜமான மூடல்.
5. இதுக்கப்புறம் யார் வந்து பிடிக்கப் பாத்தாலும் கையில ஒரு எக்செப்ஷன் கிடைக்கும். எடை கிடைக்காது.

எண்ணிக்கையையும் அந்தக் குறிகளையும் ஏன் ஒரே எண்ணுக்குள்ள திணிச்சாங்க? மெமரி மிச்சம் பிடிக்க இல்ல. தனித்தனியா இருந்தா "இன்னும் திறந்திருக்கா?"ன்னு பாத்துட்டு, அப்புறம் "நான் வர்றேன்"னு சொல்லணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல மூடிட்டா? ஒரே எண்ணுக்குள்ள இருந்தாத்தான் ஒப்பிட்டு மாத்துற கட்டளை ரெண்டையும் ஒரே வீச்சுல பாக்கும். இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணைத்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இதை வச்சுக்கோங்க: இருக்கியான்னு கேக்கிறதும், கையைப் பிடிக்கிறதும் ஒரே செயலா இருக்கணும். கேட்டுட்டு அப்புறம் பிடிச்சா, பிடிச்சது வேற ஆளோட கையா இருக்கலாம்.

அதைவிட நல்ல விஷயம், இந்தக் கூட்டல் கழித்தலை நாம எழுத வேண்டியதே இல்ல. விண்டோஸ் ஃபங்ஷனை டாட்நெட்ல அறிவிக்கிறப்ப இன்ட்பிட்டிஆர் இருக்கிற இடத்துல சேஃப்ஃபைல்ஹேண்டில்னு எழுதினா போதும். கூப்பிடறதுக்கு முன்னாடி கூட்டி, முடிஞ்சதும் கழிக்கிற வேலையை இன்ஜினே பாத்துக்கும். யாரும் மூட மறந்தாலும் அதோட ஃபைனலைசர் மூடும்.

புல்லட் சாட்சி

எழுதினவரும் நானும் உக்காந்து, பழைய கோடுல நம்பரை எடுக்கிற வரிக்கும் படிக்கிற வரிக்கும் நடுவுல அரை செகண்ட் தூங்க விட்டோம். கிரஷருக்குப் போய், முதலாளியைக் கூப்பிட்டு, அவரோட புல்லட்டை ரெண்டாம் மேடையில நிறுத்தச் சொன்னோம். முதல் மேடை காலி. ரெண்டு இண்டிகேட்டரையும் அணைச்சுப் போட்டோம், முதல் மேடைக்குப் பட்டனை அமுக்கினோம். மூணாவது முயற்சியில காலி மேடைக்குச் சீட்டு விழுந்துச்சு: 190 கிலோ.

அவர் சீட்டை வாங்கிப் பாத்தார். காலி மேடையைப் பாத்தார். வண்டியைப் பாத்தார். "இது என் வண்டியோட எடைல்ல?"ன்னார். அதுக்கு மேல நாங்க ஹேண்டிலைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கல.

புதுக் கோடுல அதே அரை செகண்டைத் தூங்க விட்டு அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓட்டினோம். தப்புச் சீட்டு ஒண்ணுகூட விழல. சில சமயம் "எடை கிடைக்கல, மறுபடி அமுக்கவும்"னு வந்துச்சு. அதுதான் நேர்மையான பதில்.

பிடிச்ச சம்பளம் தம்பிக்குத் திரும்ப வந்துச்சு. வேலைக்கும் கூப்பிட்டாங்க. அவன் போகல. இடைப்பட்ட ரெண்டு மாசத்துல டீக்கடையில யார் யார் என்ன பேசினாங்கன்னு அவனுக்குத் தெரியும். திருப்பூர்ல ஒரு கம்பெனியில சேந்துட்டான். நம்பரை சாட்சியா வச்சு ஒருத்தனைத் திருடன்னு சொல்றது சுலபம். அதைத் திரும்ப எடுக்கிறதுக்கு சேஃப்ஹேண்டில் கிடையாது.

பொட்டி தட்டுறவங்களுக்கு நாலு வரி

1. உங்க கோடுல இன்ட்பிட்டிஆர் ஹேண்டிலைத் தேடுங்க. தானே திறந்து தானே மூடுறது எதுவா இருந்தாலும் சேஃப்ஹேண்டிலுக்கு மாத்துங்க. சீரியல் போர்ட்டுக்கு 2.0-லயே சீரியல்போர்ட்னு வகுப்பு வந்தாச்சு, உள்ள அதுவும் சேஃப்ஃபைல்ஹேண்டில்தான்.

2. டேஞ்சரஸ்கெட்ஹேண்டில்னு ஒரு மெத்தட் இருக்கு. உள்ள இருக்கிற எண்ணை உருவி வெளிய கொடுக்கும். பேர்லயே ஆபத்துன்னு எழுதியிருக்காங்க. கட்டாயம் வேணும்னா முன்னாடி டேஞ்சரஸ்ஆட்ரெஃப், முடிஞ்சதும் ஃபைனலி பிளாக்ல டேஞ்சரஸ்ரிலீஸ். இல்லேன்னா மறுபடியும் மாப்ள மனசுல வச்சிருக்கிற 40-ம் நம்பர்தான்.

3. எண்ணிக்கை வச்சா எல்லாம் தீந்துருச்சுன்னு நினைக்காதீங்க. படிக்கிற த்ரெட் திரும்பவே வரலேன்னா எண்ணிக்கை பூஜ்யம் ஆகாது, போர்ட் மூடாது. அதனால படிக்கிறதுக்கு நேர வரம்பு வைங்க, இல்லேன்னா விஸ்டாவுல இருந்து கிடைக்கிற கேன்சல்ஐஓஈஎக்ஸ் வச்சு அந்தப் படிப்பை ரத்து பண்ணிட்டு மூடுங்க. எங்களுக்கும் முதல் நாள் இதுதான் இடிச்சுது, போர்ட்டுக்கு டைம் அவுட் வச்சதும் சரியாச்சு.

4. லாக்ல ஹேண்டில் எண்ணை எழுதி வைங்க. யாரும் படிக்காத வரிதான். ஆனா ஒரு நாள் எவனோ ஒருத்தனோட மானம் அந்த வரியில இருக்கும்.

பி.கு: மத்த மொழியில எழுதுறவங்க உங்க ஊர்ல இதை எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. சும்மா "அருமை, தொடருங்கள்"னு போட்டீங்கன்னா அதுதான் நெஜமான ஜல்லி :-)